மேயர் எழுதியது எழுதியபடியே

மேயர் அலுவலகத்தில் அவளுக்குத் திருத்தம் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பிரிவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். "திருத்தம் வந்தாச்சா?" "திருத்தத்துக்கு ஒரு டீ" என்று மற்றவர்கள் கூப்பிடும்போது, சேர்ந்த புதிதில் காது கூசியது. பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் பட்டன் என்று கூப்பிடுவதைப் பார்த்த பிறகு, தன் பாடு பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டாள்.

வேலை இதுதான். மேயர் காரில் போகும்போதும், கூட்டத்தில் மற்றவர்கள் பேசும்போதும், கைபேசியில் கட்டைவிரலால் எழுதித் தள்ளுவார். எழுதியது அலுவலகக் குழுவுக்கு வந்து விழும். அவள் அதிலுள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்துவாள். பட்டன் ஒரு பட்டனை அழுத்தி அதை மேயரின் பக்கத்தில் போடுவார். ஊர் படிக்கும்.

இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு. திருத்தம் நடப்பது மேயருக்குத் தெரியக் கூடாது.

சேர்ந்த அன்றே செயலாளர் அவளைக் கதவோரம் தள்ளிக்கொண்டு போய் இதைச் சொன்னார். தான் எழுதுவதெல்லாம் சரி என்று ஐயா நினைக்கிறார், அலுவலகமும் அப்படியே நினைக்கிறது, அந்த நினைப்புக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை என்றார். மேயரிடம் அவளைத் தகவல் உதவியாளர் என்று அறிமுகப்படுத்தினார். மேயர் மிகவும் சந்தோஷம் என்றார். என்ன தகவல், யாருக்கு உதவி என்று அவர் கேட்கவில்லை.

ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று அவள் பட்டனிடம் கேட்டாள்.

"அவரு மேல இருக்கறதைப் பாக்கவே மாட்டாரும்மா" என்றார் பட்டன். "கீழ எத்தனை பேர் இதயம் போட்டிருக்காங்கன்னுதான் பாப்பாரு."

மேயருக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே குடும்பம். யார் வந்தாலும் உட்காரவைப்பார். சின்ன ர, பெரிய ற விஷயத்தில் அன்றைய மனநிலைதான் முடிவு செய்யும். ந வரவேண்டிய இடத்தில் ன வரும். அது போகவேண்டிய இடத்துக்கு இது போகும். ஆனால் எழுத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் மனிதர் நன்றாகவே எழுதினார். சந்தைக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையைப் பற்றி, "அதிகாரிகள் படத்தில் பார்த்தார்கள், நான் நேரில் போய் முகர்ந்தேன், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு" என்று எழுதியிருந்தார். அதைத் திருத்தும்போது அவள் தனியாகச் சிரித்தாள். ஒரு சொல்லையும் அவள் மாற்றியதில்லை. முடி திருத்துபவர் முடியில்தான் கை வைக்கலாம், தலையை மாற்றி வைக்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, மொழி ஆர்வலர் சங்கம் ஒன்று பிழையற்ற எழுத்துக்காக மேயருக்கு ஒரு கேடயம் கொடுத்தது. மேடையில் மேயரின் கண் கலங்கிவிட்டது. செயலாளருக்கு இருமல் வந்தது. பட்டன் கூரையில் என்ன விளக்கு மாட்டியிருக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. மேயருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் வினையாக முடிந்தது.

மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவு ஒரு தெருமுனையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. "நாளை மாலைவரை குடினீர் வராது." எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்துப் பரப்பினார். தண்ணீரை எழுதவே தெரியாத மாநகராட்சி தண்ணீரை எப்படிக் கொடுக்கும் என்று கேட்டிருந்தார். ஊர் சிரித்தது. மேயர் கொதித்துப்போய், எழுதிய ஊழியரை அன்றே இடைநீக்கம் செய்தார்.

அந்த ஊழியர் அவளுடைய அண்ணன்.

அண்ணன் அலட்சியமான ஆள் இல்லை. சட்டையை இஸ்திரி போட்ட பிறகும் ஒருமுறை தடவிப் பார்க்கிற ரகம். அன்று இரண்டு இடத்தில் குழாய் வெடித்து, மூன்று தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தன. கையில் கிடைத்த எழுத்தைப் போட்டு ஒட்டிவிட்டு ஓடியிருக்கிறான்.

அடுத்த நாள் எல்லாத் துறைகளையும் கூட்டி மேயர் பேசினார். இத்தனை வேலைக்கு நடுவில் நானும்தான் எழுதுகிறேன், ஒரு பிழை காட்ட முடியுமா என்று கேட்டார். கடைசி வரிசையில் பட்டன் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேசை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அவள் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அண்ணன் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரே ஒருநாள் பால் வாங்கப் போனபோது, எதிர்வீட்டுக்காரர் சும்மா வாய்ப்பேச்சுக்கு, "என்ன சார், குடிநீர் வருதா?" என்று கேட்டிருக்கிறார். வாயால் சொல்லும்போது சரியான எழுத்துக்கும் தப்பான எழுத்துக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனாலும் அண்ணன் காதில் தப்பான எழுத்துதான் விழுந்தது. பால் வாங்காமலே திரும்பிவிட்டான்.

அண்ணி கோபத்தை அவள் பக்கம் திருப்பினாள்.

"தினமும் அந்த மனுஷன் மூஞ்சியிலதானே முழிக்கற? உங்கண்ணனுக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"விசாரணை நடக்குது அண்ணி."

"என்ன விசாரணை? ஒரு எழுத்தைப் பிடிச்சு உள்ள வச்சு விசாரிக்கறாங்களா?"

அவள் பேசாமல் இருந்துவிடவில்லை. செயலாளரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவன் உன் அண்ணன் என்பதை இந்த அறையோடு மறந்துவிடு என்றார். ஐயாவின் பெயர் கெட்டால் ஐயாவோடு சேர்ந்து நாம் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றும் சொன்னார். பிறகு, உருக்கமான குரலில், உன் வேலையை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறாய், கேடயமே வந்ததே என்று பாராட்டினார். அந்தப் பாராட்டுதான் அவளுக்கு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை, முதல் டீ வருவதற்குள் மேயரின் செய்தி வந்து விழுந்தது.

"மொளியை அழட்சியமாகக் கையாழ்பவர்களுக்கு இந்த மானகராட்சியில் இடமில்ளை. அறிவிப்பில் பிலை செய்த குடிநீர் ஊளியர் திங்கட்கிலமை முதள் பணினீக்கம் செய்யப்படுகிறார். எளுத்து என்பது நம் முகம். முகத்தைக் களுவாமல் யாரும் வெலியே வறக் கூடாது."

அவள் அதை எடுத்துத் தன் திரையில் வைத்தாள். கை தன் பாட்டுக்கு முதல் சொல்லில் போய் நின்று, மொழியை என்று திருத்தியது. பழக்கம். அடுத்த சொல்லுக்குப் போனபோது கை நின்றது. திருத்தியதைப் பழையபடி ஆக்கினாள். இதைச் சுத்தம் செய்து, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி ஊருக்குக் கொடுத்து, அதைக் கொண்டே அண்ணனை வெளியே தள்ளுவது தன் கைதான் என்று தோன்றியது. இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இதை அப்படியே போடுங்க."

பட்டன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"திருத்தம் முடிஞ்சுதாம்மா?"

"அவர் எழுதினது எழுதினபடியே இருக்கு."

"அது தெரியுது. நல்லாவே தெரியுது."

குடிநீர்க்காரன் யார் என்று பட்டனுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தார். செயலாளரின் மூடிய கதவைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான் என்று முணுமுணுத்துவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

டீ ஆறுவதற்குள் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையால் வட்டம் போட்டு மதிப்பெண்ணும் கொடுத்துப் படமாக அனுப்பினார். எதிர்க்கட்சிக்காரர் ஒரு சொல்கூட எழுதாமல் அதை அப்படியே எடுத்துப் போட்டார். இதயங்களைக் காணோம். சிரிக்கும் முகங்கள் குவிந்தன. காரில் இருந்த மேயர் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, இதுவரை எதற்கும் இவ்வளவு வந்ததில்லை, ஊரே நம் பக்கம் என்று ஓட்டுநரிடம் பூரித்துப்போனாராம். ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லையாம்.

மேயர் அலுவலகத்துக்கு வந்து இறங்குவதற்குள் செயலாளர் வாசலுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் பட்டனுக்கும் அழைப்பு வந்தது.

அறையில் மேயர் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தச் செய்தியின் அச்சுப்படி. என்ன பிழை, எங்கே பிழை என்று கேட்டார். யாரும் வாய் திறக்காததால் தானே உரக்கப் படித்தார். மேடைக்குரல். ஒவ்வொரு ழகரமும் நாக்கில் அழகாக மடங்கி அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு இடறல் இல்லை. படித்து முடித்து, "இதுல என்ன தப்பு?" என்று எல்லோரையும் பார்த்தார். நிஜமாகவே கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் தாளில் இருந்ததைப் படிக்கவில்லை. தான் எழுத நினைத்ததைப் படித்தார்.

செயலாளர் முந்திக்கொண்டார். ஐயா எழுதியது சரியாகத்தான் இருந்தது, இந்தப் பெண்தான் கெடுத்திருக்கிறாள், இப்போதே கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறேன் என்றார்.

மேயர் அவளைப் பார்த்தார். "நீ என்னம்மா மாத்தின?"

சொல்லாமல் இருந்தால் தானும் வீட்டுக்கு, அண்ணனும் வீட்டுக்கு.

"நான் ஒண்ணும் மாத்தலைங்க ஐயா" என்றாள். "இன்னைக்கு மட்டும்தான் ஒண்ணும் மாத்தல."

மேயருக்கு அது உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. கைபேசியை எடுத்தார். போன வாரம் தான் குழுவுக்கு அனுப்பியதைத் திறந்தார். அதே செய்தி தன் பக்கத்தில் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்தார். கீழே இருக்கும் எண்ணிக்கையை விட்டுவிட்டு மேலே பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஒன்றின்மேல் விரலை வைத்து, மற்றதற்குப் போய், திரும்ப வந்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அதற்கு முந்தின வாரத்தையும் எடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

செயலாளரை வெளியே இருக்கச் சொன்னார். பட்டனை யாரும் எதுவும் சொல்லாததால் அவர் கதவோரத்திலேயே நின்றார்.

"சின்ன வயசுல கட்சிக்குச் சுவர்ல எழுதினேன்" என்றார் மேயர். "தெருவே நின்னு சிரிச்சுது. அதோட எழுதறதை விட்டுட்டேன். பேச்சு மட்டும்தான். இந்த ஃபோன் வந்ததும் ஒரு ஆசைக்கு எழுதிப் பாத்தேன். யாரும் சிரிக்கல. சரி, வயசானா இதெல்லாம் தானா வந்துடும்போல இருக்குன்னு நினைச்சுட்டேன்."

இவ்வளவு நேரமும் அவளுக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது வேறு ஏதோ வந்து சேர்ந்துகொண்டது.

"நீங்க நல்லா எழுதுவீங்க ஐயா. எழுத்துதான் சரியில்ல."

"இது என்ன பாராட்டா?"

"ஆமாங்க ஐயா."

மேயரின் மீசை லேசாக அசைந்தது. உடனே சரியானது. "இத்தனை நாள் இல்லாம இன்னைக்கு ஏன் விட்ட?"

"அந்தக் குடிநீர் ஊழியர் என் அண்ணன்."

"அப்போ இது பழிவாங்கல்."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அது முழு உண்மையாகத் தெரியவில்லை. "இருக்கலாம் ஐயா. ஆனா அவர் ஒரு எழுத்துக்காகப் போறார். உங்க எழுத்துல தினமும் நான்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லு. தினமும் எத்தனை?"

"சாதாரண நாள்ல பத்து, பன்னிரண்டு. நீங்க கோவமா எழுதினா இன்னும் கொஞ்சம் கூடும். தேர்தல் சமயத்துல..."

"போதும்."

ஜன்னலுக்குக் கீழே நிருபர்கள் கூடிவிட்டார்கள். செயலாளர் கதவைத் திறந்து, பக்கத்துக்குள் யாரோ புகுந்து விஷமம் செய்துவிட்டார்கள் என்று ஒரு அறிக்கை தயாராக இருக்கிறது என்றார். மேயர் அதை வாங்கிப் பார்த்தார். இதில் எத்தனை பிழை என்று அவளிடம் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். மொத்தமும் பொய், ஆனால் பிழை இல்லை என்று சொல்லி, அதை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். அவளும் பட்டனும் மாடி ஜன்னலில் நின்று கேட்டார்கள்.

நிருபர்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மேயர் கையை உயர்த்திச் சத்தம் அடங்கும்வரை நின்றார். அதில் அவர் கெட்டிக்காரர்.

"அதை எழுதினது நான்தான்" என்றார். "வேற யாரும் இல்ல. அந்தத் தண்ணி ஊழியர் அவசரத்துல ஒரு எழுத்தைத் தப்பா போட்டுட்டார். நான் அவசரமே இல்லாம அத்தனையும் தப்பா போட்டிருக்கேன். எழுத்துப் பிழைக்காக ஒருத்தர் வேலையை விட்டுப் போகணும்னா முதல்ல நான்தான் போகணும். எனக்குப் போற உத்தேசம் இல்ல. அதனால அவரும் போக வேண்டாம்."

கூட்டம் சிரித்தது. காலையில் சிரித்த சிரிப்பு இல்லை, வேறு சிரிப்பு. மனிதர் இதையும் வாக்காக மாற்றிவிடுவார் என்று பட்டன் சொன்னார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டாள். உள்ளங்கையில் கம்பியின் தடம் சிவப்பாக இருந்தது.

மேயர் மேலே வந்ததும் அவளைக் கூப்பிட்டார். வேலையை எப்போதும்போலச் செய் என்றார். செயலாளரின் முகம் சுண்டிப்போனது.

"ஆனா ஒண்ணு. இனிமே தினமும் எத்தனைன்னு எனக்கு வந்து சொல்லணும்."

"எது எதுன்னும் சொல்லட்டுமா ஐயா?"

மேயர் யோசித்தார். "வேண்டாம். எத்தனைன்னு மட்டும் சொல்லு. ஒரேயடியா எல்லாம் தாங்காது."

அன்று மாலை அண்ணன் பின்னறையிலிருந்து வெளியே வந்து, தன் கையால் டீ போட்டு அவள் முன்னால் வைத்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். அவள் அப்படியே குடித்து முடித்தாள்.

திங்கட்கிழமை அண்ணன் வேலைக்குப் போனான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அந்த வாரத்துக்குள்ளேயே ஒரு காலையில் குளியலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. குழாயில் காற்றுதான் வருகிறது, தலை முழுக்க நுரை என்றாள். கீழ்வீட்டிலும் எதிர்வீட்டிலும் அதே கூக்குரல். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் நடுவில் நின்றுவிட்டான்.

"இன்னைக்குத் தண்ணி வராதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

நேற்றே தெரியும் என்றான். அறிவிப்பு எழுதினானாம். கிழித்தானாம். இன்னொன்று எழுதி, அதைச் சாயங்காலம்வரை பார்த்துப் பார்த்து, அதையும் கிழித்துவிட்டானாம்.

"எழுதவே இல்லன்னா யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல?" என்றான் தரையைப் பார்த்து.

"நான் இங்க சிரிக்கற நிலைமையிலயா இருக்கேன்?" என்றது குளியலறைக் கதவு.

இப்படியே விட்டால் இவனை இனி யாரும் வேலையை விட்டு எடுக்க வேண்டியதில்லை, இவனே மெதுவாகக் கரைந்துபோய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. பெரிய தாள் ஒன்றையும் தடித்த பேனாவையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நீயே எழுதிக் கொடுத்துவிடேன் என்றான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் உட்கார்ந்தான். பேனா மூடியைத் திறந்தான், மூடினான், திறந்தான். இன்று மாலைவரை குடிநீர் வராது என்று ஒவ்வொரு எழுத்தாக வைத்தான். அதைத் தாண்டியதும் கொஞ்சம் தைரியம் வந்து, சிறமத்திற்கு வருந்துகிறோம் என்று வேகமாக முடித்துத் தாளை அவள் பக்கம் திருப்பினான்.

"சிரமத்துக்குச் சின்ன ர" என்றாள்.

"எங்க?"

"இங்க."

அண்ணன் அடித்துவிட்டு மேலே எழுதினான். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஈரமான மை மற்றதில் படாமல் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி படியிறங்கினான்.

"போயிட்டாரா?" என்று அண்ணி உள்ளேயிருந்து கேட்டாள். "முதல்ல எனக்கு ரெண்டு வாளி தண்ணி கொண்டுவரச் சொல்லு. வருத்தத்தை அப்புறம் ஒட்டிக்கட்டும்."